நேரில் வந்து சொல்ல வேண்டும்

“சொல்லிடறேன்” என்று அக்கா ஆரம்பித்தால் நாங்கள் கைக்கு எட்டியதை இறுகப் பிடித்துக்கொள்வோம். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நல்ல சேதி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. “சொல்லிடறேன், உன் ரெண்டாவது பாதி ஒரே இழுவை.” “சொல்லிடறேன், இந்தச் சட்டை உனக்கு நல்லால்ல.” “சொல்லிடறேன், நாளைக்கு நான் வரமாட்டேன். உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல, வரப் பிடிக்கல.” கேட்கிறவன் முகம் தொங்கிப்போவதை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டேதான் சொல்வார். அதே விஷயத்தை நீங்கள் போன பிறகு வேறு யாரிடமாவது சொல்வாரா என்றால், மாட்டார். உங்களிடம் சொல்லியாகிவிட்டதே, இனி எதற்கு என்று விட்டுவிடுவார்.

அக்கா எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை, நாங்கள் எடுத்த படத்தின் எடிட்டர். ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் தன் அப்பாவோடு இருந்தார். முன்னறையில் ஒரு மேசை, இரண்டு மானிட்டர்கள், பக்கத்துக் கொடியில் அப்பாவின் யூனிஃபார்ம். அவ்வளவுதான் அவருடைய எடிட்டிங் ரூம். வெளியாள் யார் வந்தாலும் கேட்டில் செக்யூரிட்டி நிறுத்திவிடுவார். அக்கா வீட்டிலிருந்து நடந்து வந்து, கையெழுத்துப் போட்டு, அழைத்துப் போக வேண்டும். எங்கள் இயக்குநர் மற்ற இடத்திலெல்லாம் பெரிய ஆள் மாதிரி நடப்பான், அந்த கேட்டில் வெயிலில் நிற்கும்போது மட்டும் கூரியர் கொடுக்க வந்தவன் போலத் தெரிவான்.

அக்காவின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை, பழைய நம்பரில் கூப்பிட்டால் யாரோ ஒரு மெத்தைக்கடைக்காரர் எடுக்கிறார். உங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொல்லாமலே எழுதுகிறேன். பெயரையும் போட்டுவிட்டால் என்றைக்காவது எதிரில் பார்க்கும்போது எந்த முகத்தோடு நிற்பது?

அவரைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் பூந்தமல்லியிலிருந்து வருவதாக இருந்தது. அன்றைக்குக் காலையிலேயே மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். “அம்மா, சொல்லிடறேன். எனக்கு இதுல இஷ்டமில்ல. உங்க பையன்மேல குறை ஒண்ணுமில்ல. ஆனா அப்பா கேசரிக்கும் பஜ்ஜிக்கும் எல்லாம் வாங்கி வச்சுட்டார், வந்தா சாப்பிட்டுட்டுப் போங்க.” அவர்கள் நிஜமாகவே வந்தார்கள். சாப்பிட்டார்கள். அந்த அம்மா போகும்போது அக்காவின் கன்னத்தைத் தடவி, “எல்லாரும் எங்கள வீடேறி இறங்க வச்சு அப்புறந்தான் வேணாம்னு சொல்லியனுப்புறாங்க, நீ எவ்வளவோ தேவலாம்மா” என்றாராம். இதைச் சொல்லும்போது அக்காவுக்கே சிரிப்பு தாங்காது.

குணம் என்று சொல்லி இதையெல்லாம் தள்ளிவிடலாம். ஆனால் தொழிலிலும் அவர் இப்படித்தான் இருந்தார், அதுதான் எல்லோருக்கும் இடித்தது.

படத்தில் ஒரே ஒரு சீனில் வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். பால்காரர், வீட்டு ஓனர், டீ கிளாஸை நீட்டுகிறவர். அந்த சீன் எடிட்டிங்கில் போய்விட்டால் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அவர்கள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு குடும்பத்தோடு தியேட்டருக்கு வந்து, இதோ வருவேன் அதோ வருவேன் என்று காத்திருந்து, லைட் போட்டதும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போவார்கள். அக்கா உதவியாளராக இருந்த காலத்தில் அப்படி ஒரு குடும்பத்துக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். “அந்தப் பொண்ணோட அம்மா கேட்டுட்டே இருந்தாங்கடா, நீ எப்ப வருவே, நீ எப்ப வருவேன்னு. வெட்டுனது என் கை. நான் பின்னாடி உட்கார்ந்து பாப்கார்ன் தின்னுட்டு இருக்கேன். த்தூன்னு ஆயிடுச்சு.” அன்றிலிருந்து, யாரை வெட்டினாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை.

எங்கள் படத்தில் வெட்டுப்பட்டவர் மண்ணூர்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவர். தண்ணீர் லாரி ஓட்டும் அண்ணன் தம்பியைப் பற்றிய படம் அது. மொட்டை மாடியிலிருந்து அவர்களைத் திட்டும் வீட்டு ஓனராக இவர் நடித்திருந்தார், பிரமாதமாகத் திட்டியிருந்தார். போனில் சொன்னால் போதுமே என்றேன். “அவர் மாடிப்படி ஏறி எறங்கி நடிச்சிருக்காரு. நாம ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் போக மாட்டமா?” என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

“அண்ணாத்தே, சொல்லிடறேன். உங்க சீன் படத்துல இல்ல. நான்தான் வெட்டுனேன்.”

அவர் பீடியைக் கீழே போட்டார். “இன்னாமா சொல்ற? ஊட்ல எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன். மச்சான் வேற கும்மிடிப்பூண்டிலேர்ந்து வரேன்னு கீறான்.”

“அதுக்குத்தான் முன்னாடியே வந்தேன்.”

“நல்லா நடிக்கலயா நானு?”

“நல்லாத்தான் நடிச்சீங்க. அந்த எடத்துல கதை நின்னுடுது. உங்க மேல தப்பில்ல.”

கொஞ்ச நேரம் அவர் ஆட்டோவின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த கண்ணாடி. “டைரக்டரு ஒரு வார்த்த சொல்லலியே” என்றார். பிறகு, “சரி ஏறு, ஸ்டேசன்ல உட்டுடறேன்” என்று எங்களைப் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார். பெருந்தன்மை அதோடு சரி, வாடகையைக் கறாராகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அக்காவுக்கு அதில் பரம திருப்தி. கோபத்தை அவர் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமாம்.

இனி என் பஞ்சாயத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தின் கதை என்னுடையது. இயக்குநரும் நானும் ஐயப்பன்தாங்கலில் ஒரே ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு எழுதினேன், அவன் வேலை பார்க்காமல் அதைக் கேட்டான். தயாரிப்பாளராக வந்தவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருந்தவர், ஒரு பெரிய கம்பெனிக்கு இரும்புத் தகட்டில் பாகங்கள் அடித்துக் கொடுப்பார். தங்கமான மனிதர். சினிமாவில் யாரையும் தெரியாது, சினிமா ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்றும் தெரியாது. அதனால் தன் பட்டறையிலிருந்து வெளியாட்களுக்கு ஜாப் ஒர்க் கொடுக்கும்போது எழுதும் ஒப்பந்தத்தையே எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, எங்கள் எல்லோரிடமும் நீட்டிவிட்டார். பொருள் துருப்பிடிக்காமல் சப்ளை செய்யப்பட வேண்டும், அளவு தப்பினால் திருப்பி அனுப்பப்படும் என்றெல்லாம் அதில் இருந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம். அதே காகிதத்தில், டெலிவரி ஆன பொருள்மேல் சப்ளை செய்தவருக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது என்றும் ஒரு வரி இருந்தது. படித்த முட்டாள் நான், அதற்கும் சேர்த்துத்தான் சிரித்தேன்.

அக்கா மட்டும் உட்கார்ந்து முழுசாகப் படித்தார். பிறகு தன் பிரதியின் அடியில் பேனாவால் தமிழில் ஒரு வரி எழுதினார். ‘எடிட்டரின் பெயரைப் படத்திலிருந்து எடுப்பதாக இருந்தால், எடுப்பதற்கு முன் தயாரிப்பாளர் நேரில் வந்து எடிட்டரிடம் சொல்ல வேண்டும்.’

“எடுக்கக் கூடாதுன்னு எழுதுங்கக்கா” என்றேன்.

“எடுக்கணும்னு நினைச்சா எப்படியும் எடுப்பாங்க. வந்து சொல்லட்டும், அது போதும்.”

தயாரிப்பாளர், “இதென்னம்மா, வீட்டுக்கு வந்து வெத்தலபாக்கு வைக்கிற மாதிரி இருக்கு” என்று சிரித்துக்கொண்டே அந்த வரிக்கும் கையெழுத்துப் போட்டார்.

படம் முடிந்தது. எனக்கும் இயக்குநருக்கும் நடுவில் என்ன கசந்தது என்று இன்றைக்கு யோசித்தாலும் ஒரு இடத்தைக் காட்டிச் சொல்ல முடியவில்லை. பேட்டிகளில் “என் கதை” என்று அவன் பேச ஆரம்பித்தான். நான் முறைத்தேன். ஃபிளாட்டில் பால் பாக்கெட்டைத் தனித்தனியாக வாங்க ஆரம்பித்தோம். அப்போதுதான் ஒரு சாயங்காலம் அக்காவிடமிருந்து போன்.

“சொல்லிடறேன். டைட்டில் கார்டு வந்திருக்கு. கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் எல்லாம் அவர் பேர்ல. உன் பேரு நன்றி கார்டுல, தண்ணி லாரி கொடுத்தவருக்குக் கீழ.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். “அதைச் சேர்க்காதீங்கக்கா. ஹார்டு டிஸ்கை உங்ககிட்டயே வச்சுக்குங்க. படம் எப்படி ரிலீஸ் ஆகுதுன்னு பார்த்துடலாம்.”

“அது தயாரிப்பாளரோட சொத்து. அதை வச்சு மிரட்ட நான் ஆளில்ல. உன்கிட்ட சொல்லப்போறேன்னு டைரக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். படம் வர இன்னும் நாள் இருக்கு, நீ செய்ய வேண்டியதைச் செய்.”

நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். கோபம் ஆறிய பிறகுதான் உறைத்தது. அவர் சொல்லியிருக்காவிட்டால் நானும் அந்த ஒரு சீன் ஆட்கள் மாதிரி புதுச்சட்டை போட்டுக்கொண்டு தியேட்டரில் உட்கார்ந்து தேடியிருப்பேன். கதை, திரைக்கதை இரண்டும் என்னுடையது என்று சினிமா எழுத்தாளர் சங்கத்தில் புகார் கொடுத்தேன்.

விசாரணையில் இயக்குநர் அந்தப் பட்டறைக் காகிதத்தைக் காட்டினான். டெலிவரி ஆன பொருள், பாத்தியதை கிடையாது. விசாரித்த பெரியவர் அதைப் படித்துவிட்டு, “துரு, அளவுன்னு ஏதேதோ இருக்கே” என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். “கதையோட உரிமையை அவர் கொடுத்திருக்கலாம் தம்பி. எழுதினவன்ங்கிற பேரைக் கொடுத்ததா இதுல எங்கயும் இல்ல. யார் எழுதினதுன்னு மட்டும் எனக்குத் தெரியணும்.” அதற்குச் சாட்சி அக்காதான். முதல் எழுத்திலிருந்து கடைசி வெட்டு வரை எல்லாவற்றையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் சாட்சி சொல்வதற்கு முந்தின நாளே எனக்குப் போன் வந்துவிட்டது. “சொல்லிடறேன். கதை உன்னோடதுன்னு சொல்வேன். க்ளைமாக்ஸ் அவரோடதுன்னும் சொல்வேன். நீ எழுதினதுல அண்ணன் தம்பி பிரிஞ்சு போயிடறாங்க, அதை அவங்க ஷூட்டே பண்ணல. சீனையெல்லாம் முன்ன பின்ன மாத்தினதும் அவர்தான்.”

“அதைச் சொன்னா திரைக்கதை எனக்குக் கிடைக்காதுக்கா.”

“கிடைக்காது.”

“கேட்டாத்தான சொல்லணும்? சும்மா இருந்துடுங்களேன்.”

“கேப்பாங்கடா. நாளைக்கு அங்க வந்து திடீர்னு கேட்டு நீ முழிக்கக் கூடாதுன்னுதான் இன்னிக்கே சொல்றேன்.”

சொன்னபடியே சொன்னார். கதை என் பெயரில் தனி கார்டாக வர வேண்டும், திரைக்கதை இயக்குநருக்கு என்று தீர்ப்பானது. எனக்குப் பாதி கிடைத்த வருத்தம். இயக்குநருக்கோ பாதி போன ஆத்திரம், அத்தனையும் அக்காவின் மேல் திரும்பியது. வேறு ஒரு எடிட்டரை வைத்துப் படத்தில் அங்கங்கே ஒரு நூல் அளவுக்கு வெட்டிவிட்டு, படத்தொகுப்பு இனிமேல் அந்த ஆள் பெயரில்தான் வரும் என்று பிடிவாதமாக நின்றான்.

தயாரிப்பாளர் எனக்குப் போன் செய்தார். “தம்பி, அந்தப் பொண்ணு பேரை எடுத்தாத்தான் படத்தோட ப்ரமோஷனுக்கே வருவேங்கறார் டைரக்டர். என் காசெல்லாம் உள்ள இருக்கு. நேர்ல போய்ச் சொல்லணும்னு வேற கையெழுத்துப் போட்டுட்டேன். தனியா போக ஒரு மாதிரியா இருக்கு, நீ கூட வாயேன்.”

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் போனை வைத்ததும் என் விரல் அக்கா நம்பரைத்தான் தேடியது. “அக்கா, சொல்லிடறேன்” என்று ஆரம்பித்துவிட்டேன். என் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் முதலில் சிரித்தார். முழுவதையும் கேட்ட பிறகு சிரிப்பு நின்றது.

“சரி. நீ சொன்னது நீ சொன்னது. அவர் சொல்லணும். வரச்சொல்லு.”

ஆவடி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். தயாரிப்பாளர் டீயை ஊதினார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஏரி நிரம்பிவிட்டதா என்றார். பட்டறையில் புது மிஷின் இறக்கியதைச் சொன்னார். டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

“சொல்லுங்க சார்” என்றார் அக்கா.

“ஒண்ணுமில்லம்மா. இந்தப் பக்கமா வந்தேன், அப்படியே...”

“என் பேரை எடுக்கணும்னா எடுக்கணும்னு சொல்லுங்க. எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா சண்டை போட மாட்டேன், கேட்டுக்குவேன்.”

அவர் அக்கா முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு டீ கிளாஸுக்குள் பார்த்தார். “தம்பிக்காரன் லாரிய ரிவர்ஸ் எடுக்கற எடம் இருக்கே, அண்ணன் முகம் கண்ணாடியில சின்னதாகிட்டே போகுமே. அத நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்மா. எங்கண்ணன் ஞாபகம் வந்துடுச்சு” என்றார். எழுந்து மூன்று டீக்கும் காசு கொடுத்தார். “அப்பாவைக் கேட்டதாச் சொல்லு” என்று காரைப் பார்த்து நடந்துவிட்டார்.

அக்கா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். “உயிரே போயிடுச்சுடா எனக்கு” என்றார். இத்தனை பேரிடம் இத்தனை கெட்ட சேதி சொன்னவர், கேட்டுக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாவமாக இருந்தது.

நான் ஓடிப்போய்த் தயாரிப்பாளரின் காரில் ஏறிக்கொண்டேன். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் திரும்பும்போது அவர், “வாய் வரல தம்பி” என்றார். “பட்டறையில எத்தனையோ பேரை வேலைய விட்டு நிறுத்தியிருக்கேன். எல்லாம் சூப்பர்வைசரை விட்டுச் சொல்லச் சொல்லித்தான். எதிர்ல உட்கார வச்சு நான் சொன்னதே இல்லன்னு இன்னிக்குத்தான் தெரியுது.” வண்டியை ஓரம் கட்டி, இயக்குநருக்குப் போன் போட்டார். “நான் சொல்லல. சொல்லாம எடுக்க முடியாது, கையெழுத்துப் போட்டிருக்கேன். உனக்கு அவ்வளவு வேணும்னா வா, நான் ஆவடிக்குக் கூட்டிட்டுப் போறேன். என் பக்கத்துல உட்கார்ந்து நீயே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு.” இயக்குநர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். படம் வெளியாகும் நாள் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தான், ப்ரமோஷனுக்கும் ஒழுங்காக வந்து போனான்.

அம்பத்தூரில் ஒரு தியேட்டரில் முதல் நாள் காலைக் காட்சி. அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து சீட்டில். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதை என்ற எழுத்துக்குக் கீழே என் பெயர் வருமா, அல்லது கடைசி நிமிஷத்தில் யாராவது கை வைத்திருப்பார்களா? ஊரில் என் அப்பாவுக்கு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டைட்டில் ஓட ஆரம்பித்தது. இசை, ஒளிப்பதிவு, கலை. படத்தொகுப்பு என்று அக்காவின் பெயர் வந்தது.

பின்னாலிருந்து ஒரு விசில். எடிட்டர் பெயருக்கு விசிலடித்து நான் கேட்டதே இல்லை. சீட்டில் முழுசாகத் திரும்பிப் பார்த்தேன். மண்ணூர்பேட்டை ஆட்டோக்காரர். பளிச்சென்ற சட்டை, பக்கத்தில் மனைவி, பிள்ளைகள், கும்மிடிப்பூண்டி மச்சானாகத்தான் இருக்க வேண்டும், ஒரு மீசைக்காரர். “அதோ பார்றா மச்சான், நம்ம சீனை வெட்டிட்டு வந்து சொல்லுச்சே, அந்தப் பொண்ணு பேருதான்” என்று தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி ஒரு விசில். மச்சானும் சேர்ந்துகொண்டார்.

நான் சிரித்துக்கொண்டே திரையின் பக்கம் திரும்பினேன். இயக்கம் என்று போட்டு அவன் பெயர் நின்றிருந்தது. அவ்வளவுதான், டைட்டில் முடிந்துவிட்டது. என் கையில் போன் தூக்கியபடியே இருந்தது, அதில் ஆட்டோக்காரரின் குடும்பம் பதிவாகியிருந்தது. இத்தனை சண்டை, சங்கம், பஞ்சாயத்து எல்லாம் எதற்காகவோ, அதை நான் பார்க்கவில்லை.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதுப்பக்கம் சாய்ந்தார்.

“சொல்லிடறேன்” என்றார். நான் வழக்கம்போலக் கைக்கு எட்டிய சீட்டின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“உன் பேரு வந்துச்சுடா. தனி கார்டு.”